கழுவாத பாட்டில்

தண்ணீரை வெளியூருக்கு எடுத்துப்போய், கிணற்றடியில் மூடியைத் திறந்து ஊரைக் காட்டிவிட்டு, அதே தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் ஒருவரோடு நான் பல வருஷம் வேலை பார்த்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். முத்தாண்டிக்குப்பத்துக்காரர்களும் சிரித்தார்கள். "கெணத்துக்கு எதுக்குங்க தண்ணி கொண்டாறீங்க, இங்க இல்லாததா?" என்று கேட்பார்கள். மேடம் சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார். சிரித்து முடிக்கட்டும் என்று நிற்பார்.

அவர் பையில் எப்போதும் இரண்டு பாட்டில்கள் ஜோடியாக இருக்கும். ஒன்று காலி. அதில் கிணற்றுத் தண்ணீரைப் பிடிப்பார். இன்னொன்றில் எங்கள் லேபில் வடித்த சுத்தத் தண்ணீர் இருக்கும். அதைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து மூடியைத் திறப்பார். முதல் பாட்டிலைப் பிடித்து முடிக்கும்வரை அது அப்படியே திறந்திருக்கும். பிறகு மூடுவார். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே பஸ்ஸில் நெய்வேலிக்கு வரும், இரண்டுக்கும் ஒரே பரிசோதனை நடக்கும். சுத்தத் தண்ணீரில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அழுக்கு கிணற்றில் இல்லை, நம் பாட்டிலிலோ நம் கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு லேபில் பிளாங்க் என்று பெயர். நான் வைத்த பெயர் மாப்பிள்ளைத் தோழன். குளித்து, உடுத்தி, ஊர்வலம் முழுக்கக் கூடவே வருவான். தாலி கட்ட மட்டும் அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் லேப் நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. முதலாளி, மேடம், நான், பெருக்கித் துடைக்க ஒரு அம்மா, அவ்வளவுதான். பாட்டில்களை வாங்கி லேபிள் ஒட்டுவதும், ரிப்போர்ட் டைப் அடிப்பதும், போன் எடுப்பதும் என் வேலை. மேடம் செய்த வேலையை விருந்தாளிகளுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்: ஒரு குப்பையில் என்ன இருக்கிறது என்பதல்ல கேள்வி, மழை பெய்தால் அந்தக் குப்பையிலிருந்து என்ன கரைந்து மண்ணுக்குள் இறங்கும் என்பதுதான் கேள்வி. சாம்பல், சேறு, பெயிண்ட் டப்பாவின் அடிக்கசடு என்று எது வந்தாலும் கொஞ்சம் எடுத்து, புளிப்பேற்றிய தண்ணீரோடு பாட்டிலில் போட்டு மூடுவார். ஒரு சட்டத்தில் அந்தப் பாட்டில்களைக் கட்டி, தலைகீழாகவும் நேராகவும் மாறி மாறிச் சுற்ற விட்டுவிடுவார். மறுநாள் காலையில் வடிகட்டி, தண்ணீர் எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்தச் சட்டத்திலும் ஒரு மாப்பிள்ளைத் தோழன் உண்டு. குப்பையே போடாத, வெறும் தண்ணீர் பாட்டில். மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் விடிய விடியக் குட்டிக்கரணம் போடும்.

முதலாளிக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். "இந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் எவனும் காசு தர மாட்டேங்கறான் மேடம். ஒரு தடவ இல்லாமப் பண்ணா என்ன?"

"ஒரு தடவ இல்லாமப் பண்ணா, மத்த பாட்டில் சொல்றது எதையும் நான் நம்ப மாட்டேன் சார்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

லேபோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷர்களிடமும் பிளாங்க் கேட்பார். ஒரு நாள் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, எனக்கு என்னமோ சந்தேகமாக இருக்கிறது என்று புலம்பினேன். மேடம் கையிலிருந்த சோதனைக் குழாயைப் பார்த்தபடியே, "கல்யாணத்துக்கு முன்னாடி பேசுவாரா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றே காபி டம்ளரோடுதான் பேசிக்கொண்டிருந்தார் மனுஷன். "அப்ப இது புதுசா வந்தது இல்லயே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை அவர் அண்ணன்தான் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார். டவுன்ஷிப்பில் அண்ணனுடைய குவார்ட்டர்ஸில்தான் மேடம் இருந்தார். அண்ணன் மைன்ஸில் பர்மனென்ட். அண்ணி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டை மேடம்தான் பார்த்துக்கொண்டார். இளவயதில் ஒரு நல்ல வரன் வந்ததாம். தனியாகப் பேசுங்கள் என்று இருவரையும் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் அந்தப் பையனிடம், "சும்மா இருக்கறப்ப நீங்க எப்படி இருப்பீங்க? சந்தோஷமும் இல்ல, கோவமும் இல்லன்னா?" என்று கேட்டிருக்கிறார். பையன் வெலவெலத்துப் போய் அம்மாவிடம் சொல்ல, பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று எழுந்து போய்விட்டார்கள். அண்ணனுக்கு அது வேடிக்கைக் கதை. மேடம் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அவர் பதில் சொல்லியிருந்தா சரின்னு சொல்லத்தான் இருந்தேன்" என்றார்.

இன்னொரு வார்த்தையும் அவருக்கு உண்டு. "எறங்கட்டும்." லேபின் மூலையில் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று நின்றது. அதில் ஏதாவது ஒரு ஊர் மண்ணை நிரப்பி, மேலே அந்த ஊர்க் குப்பையைப் பரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். அடியில் வருவதைப் பிடித்துப் பரிசோதிப்பார். முதலில் வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் துள்ளுவார்கள். மேடம், "எறங்கட்டும்" என்பார். மண் நல்லது, வந்ததையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் பிடித்து வைக்க மண்ணுக்கும் ஒரு அளவு இருக்கிறது என்பார். வாரக்கணக்கில் நல்ல தண்ணீராகவே வரும், பிறகு ஒரு நாள் மாறிவிடும். மதியச் சாப்பாட்டை அந்தக் குழாய்க்கு எதிரே ஸ்டூல் போட்டுத் தனியாகத்தான் சாப்பிடுவார். நான் கூப்பிட்டால், "நீ சாப்பிடும்மா, இது சொட்டு விழற நேரம்" என்பார். எந்த நேரமும் அது விழுகிற நேரம்தான்.

யாரும் அவரைத் தேடி வருவதில்லை என்பதும் உண்மை. ஆரம்பத்தில் டவுன்ஷிப்பில் அவர் பிளாக்கில் இருந்தவர்கள் ஆசையாக பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். "இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியல" என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நல்லா இருக்கு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தீபாவளிக்கு நான் கொண்டுபோன அதிரசத்துக்கும் அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஆசையாகப் போக ஒரு வீடு இருந்தது. முத்தாண்டிக்குப்பத்தில், முந்திரித் தோப்பின் ஓரத்தில். அந்த வீட்டு அக்காவுக்கு மேடத்தின் வயதுதான் இருக்கும். அவர்கள் கொல்லைக்கு மேட்டுப் பக்கம், செம்மண் வெட்டி எடுத்த பழைய பள்ளத்தில், சாம்பலில் செங்கல் போடும் பட்டறைக்காரர் ஒருவர் கழிவுச் சாம்பலையும் உடைந்த கல்லையும் கொட்டிக்கொண்டிருந்தார். எந்தெந்த ஊரிலிருந்தோ லாரியில் வாங்கி வந்த சாம்பல். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் வேண்டும் என்று அதிகாரி சொல்ல, எங்களிடம் வந்தார்கள்.

பள்ளத்துச் சாம்பலை மேடம் குலுக்கிப் பார்த்தார். குரோமியம் என்ற விஷ உலோகம் கரைந்து வந்தது, நிறையவே வந்தது. ரிப்போர்ட்டை அப்படியே கொடுத்தோம். ஆனால் அதிகாரி, சாம்பலிலிருந்து கரைவது வேறு, கிணற்றுக்கு வந்துவிட்டது என்பது வேறு, கிணற்றுக்கு வந்ததைக் காட்டுங்கள் என்றுவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக் கிணறு. சில ஞாயிறுகளில் நானும் போவேன்.

வேலை முடிந்ததும் அக்கா விட மாட்டார். பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கும். மேடம் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், தட்டை மறுபடி நீட்டுவார். அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். "வாயால சொல்ல மாட்டாங்க தங்கச்சி. தட்டு சொல்லுது பாரு." பிறகு அக்கா ஊர்க்கதை பேசுவார், மேடம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அக்கா மேடத்தின் தலையை இழுத்து வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமை நீ வரலன்னாலும் பரவால்ல, நான் போயிட்டு வந்துடறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

ஒவ்வொரு வாரமும் கிணறு சுத்தமாகவே இருந்தது. அக்கா கேட்பார், மேடம் "இன்னும் எறங்கல" என்பார். ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அதிகாரி விசாரணைக்கு வரும் நாள் நெருங்கிய சமயத்தில் மேடம் காய்ச்சலில் படுத்துவிட்டார். கால் வீங்கி நடக்க முடியவில்லை. பாட்டில் ஜோடியை என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் அதைக் காலையில் அக்காவிடம் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிவிட்டு, பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மாலையில் வாங்கி வந்தேன்.

மேடம் காய்ச்சலோடே லேபுக்கு வந்து பரிசோதித்தார். அந்த வாரம் குரோமியம் வந்தது. பள்ளத்துச் சாம்பலிலிருந்து என்னென்ன வந்ததோ அதெல்லாம் அப்படியே கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. முதலாளி போனிலேயே ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க ஒரே பரபரப்பு. கெட்ட சேதிதான், ஆனாலும் ஜெயித்துவிட்டோம் என்ற பரபரப்பு. நான் ரிப்போர்ட் டைப் அடிக்க உட்கார்ந்தபோது, மேடம் நொண்டிக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார்.

"அடிக்காத. பிளாங்க்லயும் இருக்கு."

காய்ச்சல் விடுவதற்குள் அடுத்த பஸ் பிடித்து இருவரும் போனோம். வாசலில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அக்கா, பாட்டிலக் கழுவினீங்களா?" என்றார் மேடம்.

"கழுவாம குடுப்பனா? எவ்ளோ பெரிய எடத்துக்குப் போற பாட்டிலு! பட்டறைச் சாம்பல் போட்டு நல்லா தேச்சி, வெயில்ல கவுத்து வெச்சித்தான் புடிச்சேன். அந்தச் சாம்பல் மாவாட்டம் இருக்கும், பாத்தரம் சும்மா பளபளன்னு வரும். ஊர்ல எல்லாரும் அதத்தான் அள்ளிக்கினு வர்றோம்."

"அந்த இன்னொரு பாட்டில்? தண்ணி இருந்துச்சே?"

"அந்தத் தண்ணிய ஒரு சொம்புல ஊத்தி வெச்சிட்டு, அதையும் தேச்சிட்டு, திரும்ப அந்தத் தண்ணியவே ஊத்திட்டேன். ஒரு சொட்டு சிந்தலங்க."

மேடம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் சொன்னார். அது கிணற்றில் இருந்து வந்ததில்லை, பாட்டிலைத் தேய்த்த சாம்பலிலிருந்து வந்தது. அந்த ரிப்போர்ட் செல்லாது. பாத்திரத்துக்கு இனி அந்தச் சாம்பல் வேண்டாம். புதுப் பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன், இப்போதே பிடித்துப் பார்ப்போம்.

ஊர்க்காரர்கள் எழுந்துகொண்டார்கள். ஒருவர், "பட்டறைக்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்றார். இன்னொருவர் அக்காவைப் பார்த்து, "ஊரு காரியத்தக் கெடுத்துட்டியே, பாட்டில் கழுவறதுக்கு உன்ன யாரு கேட்டா?" என்று கத்தினார். அக்காவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சாம்பலு விஷம்னு நீங்கதான சொன்னீங்க? கெணத்துக்கு வரும்னும் நீங்கதான சொன்னீங்க? வரப்போறத இப்பவே வந்துடுச்சின்னு எழுதனா என்னங்க? எங்க தண்ணி கெட்டுப் போவணும்னு காத்துக்கினு இருக்கீங்களா?"

"கெட்டா சொல்லுவேன் அக்கா. கெடாததச் சொல்ல மாட்டேன்."

"எங்க வூட்டுல சோறு தின்னீங்களே."

மேடம் புதுப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். மாப்பிள்ளைத் தோழனைச் சுவர்மேல் திறந்து வைத்தார். அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தது என்று ரிப்போர்ட் கொடுத்தோம், மனு தள்ளுபடியாகிவிட்டது.

அடுத்த வாரமே பட்டறைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு மாடிப்படி ஏறி வந்தார். மேடம் அவரை உட்காரச் சொல்லவில்லை. "உங்க சாம்பல் பாஸாகல. மண்ணு தாங்கிக்கிட்டு இருக்கு, அவ்ளோதான். பள்ளத்தக் காலி பண்ணுங்க" என்றார். அவர் பாக்ஸை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மேடம் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி அவர் கார்மேலேயே வைத்துவிட்டு வந்தார். மேடம் திருப்பிக் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. பாக்ஸ் வந்தது மட்டும் ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

மேடம் கடைசியாக ஒரே ஒரு ஞாயிறு போனார். நானும் கூட இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. மேடம் கதவைத் தட்டவில்லை. ஒரு காலி பாட்டிலையும், சுத்தத் தண்ணீர் நிரப்பி மூடிமேல் ஒட்டுப் போட்ட பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிணற்றுச் சுவரில் வைத்தார். கதவைப் பார்த்து, "தண்ணி வாசம் மாறினா புடிச்சி அனுப்புங்க அக்கா. கழுவ வேணாம்" என்றார். மிக்ஸி நின்றது. யாரும் வரவில்லை. வேலிப் படலைத் தாண்டும்போது மேடம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு எதிரே ஸ்டூலில்தான் கழிந்தன.

அண்ணன் ரிட்டயர் ஆகி மகனோடு போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேடம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு ஒற்றை அறையில் வாடகைக்குப் போனார். லேப் நஷ்டத்தில் மூடியபோது அந்தக் கண்ணாடிக் குழாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்போதாவது நான் போவேன். அறை மூலையில் அது மண் நிரப்பி நிற்கும், அடியில் சொட்டு விழுந்துகொண்டிருக்கும். "என்ன மண்ணு மேடம்?" என்று ஒரு தடவை கேட்டேன். "முத்தாண்டிக்குப்பம்" என்றார். சாம்பல் போட்டிருக்கிறீர்களா என்றேன். இல்லை, இது வெறும் மண், வெறும் தண்ணீர் என்றார். போன வைகாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். பக்கத்து அறைக்காரர் போன் செய்து நான் போனேன். அண்ணன் வருவதற்காகக் காத்திருந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அக்கா எனக்கு போன் செய்தார். குரலுக்கு வயதாகியிருந்தது. "மேடத்த ஒரு தடவ கூட்டிக்கினு வா தங்கச்சி. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல."

நான் மட்டும் போனேன். அடுப்பில் பலாக்கொட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் கேன் தண்ணீர் அடுக்கியிருந்தது. அக்கா எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"எங்க, அவங்க வரலியா?"

சொன்னேன். அக்கா அப்படியே கிணற்றுச் சுவரில், மேடம் உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து உள்ளே போய்ப் பரண்மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதே பை, அதே ஜோடி.

"தண்ணி ஒரு மாதிரி மஞ்சப் பூத்து வருது. காலையில புடிச்சேன். இத, அவங்க செய்வாங்களே அதே மாரி, ஒட்டப் பிரிச்சி, செவுத்து மேல தொறந்து வெச்சி, இது புடிக்கிற வரைக்கும் காட்டிட்டு மூடிட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுவல தங்கச்சி. சத்தியமா கழுவல. அவங்கக்கிட்ட அதச் சொல்லணும்னுதான்…"

கடலூரில் ஒரு லேபுக்குக் கொண்டுபோனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் இரண்டாவது பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். "இதுல என்னங்க பாக்கணும்?"

"ஒண்ணும் இல்லன்னு பாக்கணும்" என்றேன்.

ரிப்போர்ட் வந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். கிணற்றில் இறங்கிவிட்டது, குரோமியம் இருக்கிறது, குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், இதை வைத்து மறுபடி மனுக் கொடுக்கலாம் என்று சொன்னேன். "ம்" என்றார். எதிர்பார்த்திருந்தார் போல. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்த இன்னொரு பாட்டிலு?"

"சுத்தமா இருக்கு அக்கா. அதுல ஒண்ணுமே இல்ல."

கிணறு போய்விட்டது என்றபோது அழாதவர், அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தார். நான் போனை வைக்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.